பெரிய கோயில் இருக்க, சின்னக் கோயில் கதீட்ரல் ஆனது எப்படி?

உங்க ஹாஸ்டல்ல தூத்துக்குடிக்காரர் யாராவது மக்ரூன் டப்பாவோட சிக்கினா, முதல்ல மக்ரூனைக் காலி பண்ணுங்க. அப்புறம் ஒரு கேள்வி கேளுங்க: "உங்க ஊர்ல கதீட்ரல் எது?"

"இதென்ன கேள்வி, பனிமய மாதா கோயில்தான்!" என்று பதில் வந்தால், பார்ட்டி அவுட். கதீட்ரல் என்பது ஆயரின் இருக்கை உள்ள கோயில். தூத்துக்குடியில் அது திரு இருதய ஆலயம். ஊர்க்காரங்க வாய்ல 'சின்னக் கோயில்'. பனிமய மாதா கோயில்தான் 'பெரிய கோயில்'. பெரியது இருக்கும்போது சின்னதுக்கு எப்படி அந்தப் பதவி? அந்தக் கதைதான் செம சுவாரஸ்யம்.

1530களில், முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கடலில் தங்கள் உரிமையைக் காப்பாற்ற போர்ச்சுகீசியரின் துணையைத் தேடினார்கள். துணையோடு ஞானஸ்நானமும் வந்தது. 1542ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து மணப்பாடு, புன்னைக்காயல் என்று கரையோரமாக நடந்து நடந்து மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தார். தூத்துக்குடியில் மாதாவுக்கான கோயில் 1582 ஆகஸ்ட் 5ல் எழுந்தது. 1658ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் புராட்டஸ்டன்ட், சேசு சபைச் சாமியார்களை வெளியே அனுப்பினார்கள். ஆனா ஜனங்க மாறலை. கடைசியில் டச்சு ஆட்சி நடக்கும்போதே விஜிலியுஸ் மான்சி என்ற சேசு சபைக் குரு 1712ல் அடிக்கல் போட, 1713 ஆகஸ்ட் 5ல் இப்போதைய பெரிய கோயில் தயார்! மின்னல் விழுந்தும் மாதா சுரூபத்துக்கு ஒன்றும் ஆகாததற்கு நன்றிக்கடன் என்பது ஊர் நம்பிக்கை. 1806ல் பாண்டியபதி தேர்மாறன் காலத்தில் தங்கத் தேரும் ஓடியது.

இனிமேதான் சண்டை. கிழக்கு நாடுகளில் ஆயர்களை நியமிக்கும் உரிமையை போப்பாண்டவர்கள் போர்ச்சுகல் அரசருக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பெயர் 'பதுரவாதோ'. 1773ல் சேசு சபையே கலைக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பங்குகளைக் காப்பாற்றியவர்கள் கோவாவிலிருந்து வந்த குருக்கள். 1838ல் ரோம் அந்தப் பழைய உரிமையை இங்கே ரத்து செய்தது. அதே சமயத்தில் சேசு சபையினரும் மதுரை மிஷனுக்குத் திரும்பினார்கள். "நாங்க நகர மாட்டோம்" என்றார்கள் கோவா குருக்கள். பெரிய கோயில் அவர்கள் கையில். சேசு சபைக்காரர்களுக்கு வேறு வழி? தனியாக ஒன்று கட்டினார்கள். அதுதாங்க சின்னக் கோயில்!

யோசிச்சுப் பாருங்க, ஒரே காலேஜ், ரெண்டு பிரின்சிபால். ஒரே தெரு, ஒரே ஜாதி, ஒரே விசுவாசம். ஆனால் குழந்தைக்கு ஞானஸ்நானம் யார் கொடுப்பது, கல்யாணத்தை எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்பதில் ஊர் ரெண்டு பட்டது. நான் கோவா குருக்களை வில்லன் ஆக்க மாட்டேன். ஆள் இல்லாத காலத்தில் விளக்கை அணைய விடாமல் பார்த்துக்கொண்டவர்களை 'எழுந்திருங்க' என்றால் கோபம் வராதா என்ன?

இந்த நிலையில் 1923 ஜூன் 12ல் தூத்துக்குடி மறைமாவட்டம் பிறந்தது. முதல் ஆயர் பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச், சேசு சபைக்காரர். நவீன காலத்தில் லத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயர் அவர்தான். சும்மா இல்லை! ஆனா, பெரிய கோயில் அவர் அதிகாரத்தில் இல்லையே? அதனால் சின்னக் கோயிலில் நாற்காலி போட்டார்கள். 1928ல் போர்ச்சுகலோடு ரோம் ஒப்பந்தம் செய்து இந்த இரட்டை ஆட்சியை முடித்தது. பிறகு பெரிய கோயிலும் மறைமாவட்டத்துக்குள் வந்தது. நாற்காலி மட்டும் இடம் மாறவில்லை.

பெரிய கோயிலுக்கு 1982ல், 400வது ஆண்டில், 'பசிலிக்கா' பட்டம் கிடைத்தது. 2013லும் 2023லும் தங்கத் தேர் ஓடியபோது கூட்டம் எந்தக் கோயில் வாசலில் நின்றது என்று நான் சொல்லணுமா? வருஷா வருஷம் ஜூலை 26ல் கொடியேற்றம், ஆகஸ்ட் 5ல் திருவிழா. போனால் ரெண்டு கோயிலையும் பார்த்துட்டு வாங்க. வரும்போது மக்ரூன் மறந்துடாதீங்க.