கிளிமீனும் கேமராவும்

பவளத்திட்டில் மேயும் கிளிமீனின் உடலில் பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று பல நிறங்கள் மின்னும். ஆனால் பத்து மீட்டர் ஆழத்தில் எடுத்த படத்தைக் கரைக்கு வந்து பார்த்தால் எல்லாமே நீலம் பூத்திருக்கும். குற்றம் கேமராவில் இல்லை. சூரிய ஒளியில் உள்ள சிவப்பைத் தண்ணீர் முதலில் உறிஞ்சிவிடுகிறது. அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள் என்று ஒவ்வொன்றாக மங்கி, நீலம்தான் மிஞ்சுகிறது.

இழந்த நிறத்தை மீட்க, வெளிச்சத்தை நாமே கொண்டுபோக வேண்டும். 1926-இல் ஃபுளோரிடா கடலில் மீன் ஆய்வாளர் வில்லியம் லாங்லியும் புகைப்படக் கலைஞர் சார்லஸ் மார்ட்டினும் அதைத்தான் செய்தார்கள். மெக்னீசியத் தூளை மிதவையில் ஏற்றி, கீழே கேமரா திறக்கும் நொடியில் மேலே அதைப் பற்றவைத்தார்கள். கடலுக்கடியில் எடுத்த முதல் வண்ணப்படங்கள் அப்படித்தான் கிடைத்தன.

இன்று அந்த வேலையை நீர்புகா ஃபிளாஷ் செய்கிறது. அதன் ஒளியும் தண்ணீரைக் கடந்துபோய்த் திரும்ப வேண்டும் என்பதால், ஒரு மீட்டருக்குள் நெருங்கினால்தான் நிறம் முழுதாகக் கிடைக்கும். ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியிருந்தால் நீரில் மிதக்கும் தூசெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகப் படத்தில் விழும். அதனால் இருபுறமும் விலக்கிப் பொருத்துகிறார்கள். துரத்தினால் மீன் வாலைத்தான் காட்டும். மேய வரும் இடமறிந்து அசையாமல் காத்திருந்தால், பல நேரம் அதுவே அருகில் வரும்.

அப்போதுதான் அதன் வாய் தெளிவாகத் தெரியும். பற்கள் ஒன்றோடொன்று இணைந்து கிளியின் அலகாகவே ஆகியிருக்கும். அது பாறையைச் சுரண்டும் சத்தம் நீருக்குள் நன்றாகக் கேட்கும். பாசியைச் சுண்ணாம்போடு கொறித்து, தொண்டையில் உள்ள இன்னொரு பல்வரிசையால் அரைத்து, செரித்தது போக மிச்சத்தை வெண்மணலாகக் கழிக்கிறது. வெப்பமண்டலத் தீவுகள் பலவற்றின் வெள்ளைக் கடற்கரையில் கிளிமீன் போட்ட மணல் உண்டு.

இந்த மேய்ச்சல் நின்றால் பாசி திட்டை மூடிவிடும். இளம் பவளங்கள் ஒட்டிக்கொள்ள இடம் இருக்காது. கடல்தரையில் பவளத்திட்டுகளின் பரப்பு ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆனால் கடல் உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவற்றை அண்டியே வாழ்கின்றன. மன்னார் வளைகுடாவில் மண்டபம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சூழ்ந்த திட்டுகள் அலையின் வேகத்தைத் தணித்துக் கரையையும் காக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததில் இந்த 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் அமிழ்ந்தன. 1986-இல் இப்பகுதி தேசியப் பூங்காவானது. ஆனாலும் 2016-இல் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது எந்த எல்லைக்கோடும் அதைத் தடுக்கவில்லை.

ஆகவே படமெடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு. காலில் மாட்டிய துடுப்பு ஒருமுறை இடித்தால் பவளத்தின் பல ஆண்டு வளர்ச்சி முறிந்துவிடும். மிதக்கப் பழகிய பிறகே கேமராவைத் தொட வேண்டும். எடுத்த இடத்தையும் நாளையும் படத்தோடு குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு அதே திட்டில் எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டால், மீன் குறைந்ததா, பாசி கூடியதா என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியவரும். திட்டைக் காக்க அந்தத் தகவல் உதவும்.