பெரிய மார்க்கெட்டும் பிரெஞ்சும்: புதுச்சேரியில் ஒரு மொழியின் புழங்குதளச் சுருக்கம்

புதுச்சேரியில் நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையில் உள்ள அங்காடிக்குக் கூபேர் மார்க்கெட் என்பது பெயர். 1963இல் முதலமைச்சரான எதுவார் கூபேரின் நினைவாக அமைந்த பெயர் அது. மக்கள் வழக்கிலோ அது பெரிய மார்க்கெட். அப்பகுதிக் காவல் நிலையம் இன்றும் 'பெரியகடை' என்னும் பழம்பெயரைத் தாங்கி நிற்கிறது. பிரெஞ்சியர் ஆண்ட நகரின் தலைமை அங்காடியை மக்கள் ஆங்கிலச் சொல்லால் அழைப்பது நோக்கத்தக்கது.

அங்காடிப் பேச்சில் கலந்துள்ள பிற ஐரோப்பியச் சொற்களும் இத்தகையனவே. ஏலம், சாவி, பீப்பாய், அன்னாசி ஆகியவை போர்த்துக்கீசிய வழி வந்தவை. துட்டு என்பது டச்சு நாணயப் பெயர். புதுச்சேரி டச்சுக்காரர் வசம் இருந்தது 1693 முதல் 1699 வரை மட்டுமே. 1674 முதல் 1954 வரை, இடையிட்ட சில ஆண்டுகள் நீங்கலாக, ஆண்ட பிரெஞ்சியரின் மொழியிலிருந்து வந்த கொம்யூன், மேரி (நகர மன்றக் கட்டடம்), சொல்தா (படைவீரர்) முதலியனவோ ஆட்சி சார்ந்த சொற்கள். முற்கூறியவை தமிழகம் முழுதும் வழங்க, இவை பெரும்பாலும் புதுச்சேரி எல்லைக்குள் நின்றுவிட்டன.

இவ்வேறுபாட்டை ஆட்சிக்காலத்தின் நீளத்தைக் கொண்டு விளக்க இயலாது. மொழி எவ்வழியே மக்களை அடைந்தது என்பதே இங்கு முதன்மையானது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கடற்கரை வணிகத்தின் தொடர்புமொழியாகப் போர்த்துக்கீசியம் விளங்கியது. பண்டத்தோடு சொல்லும் கைமாறியது. பிரெஞ்சியருக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடையிலோ துபாசி நின்றார். துய்ப்ளேக்சின் துபாசியான ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை மார்க்கெட்டுக்கு மிக அருகிலேயே உள்ளது. 1736இல் தொடங்கிய தம் நாட்குறிப்பை அவர் தமிழில்தான் எழுதினார். துபாசி ஒருவர் பிரெஞ்சு அறிந்திருந்தால், கடைக்காரருக்கு அது தேவைப்படவில்லை.

எனவே பிரெஞ்சின் இருப்பு அலுவலகத்தையே சார்ந்திருந்தது. மக்களின் பேராளர்கள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று 1956ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் 28ஆம் பிரிவு கூறியது. அவ்வொப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1965ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கு முதலிடம் தந்து, மாஹேயில் மலையாளத்தையும் ஏனாமில் தெலுங்கையும் ஏற்று, ஆங்கிலத்துக்கும் வழிவிட்டது. பிரெஞ்சு வகித்த இடத்தில் ஆங்கிலம் அமர்ந்ததைச் சந்தை உணர்ந்திருக்கக் காரணமில்லை.

இதனை மொழி இறப்பு எனக் கொள்வது பொருந்தாது. புழங்குதளச் சுருக்கம் எனலாம். 1826இல் நிறுவப்பட்ட லிசே பள்ளியிலும், 1962க்குப்பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் சிலவற்றிலும் பிரெஞ்சு தொடர்கிறது. மாறாக, சொற்களை நிலைநிறுத்திய போர்த்துக்கீசியமே பேச்சுமொழியாகச் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து முற்றிலும் மறைந்தது. சொல் தங்குவதை மொழி வாழ்வதற்குச் சான்றாகக் கொள்ளும் ஆய்வுகள் இவ்விடத்தில் இடறும். கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளவரை 'கொம்யூன்' வழங்கும். 'சொல்தா' என்பதோ பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் முதியோரைச் சுட்டும் அளவில் குறுகி வருகிறது.