மிளகு போடாமலே மிளகு வாசம்... பெல்ஜியத்தின் பண்ணை பீரை எப்படிச் சுவைக்கிறார்கள்?

பண்ணைக் கூலியாட்களின் தாகம் தீர்க்கக் காய்ச்சப்பட்ட பீர் அது. ஒருகட்டத்தில் சொந்த ஊரிலேயே கேட்பாரற்றுப் போனது. இன்றோ, உலகமெங்கும் இருக்கும் பீர் ரசிகர்கள் கிளாஸை மூக்கருகே பிடித்து, அதன் வாசத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். பெயர் 'சேஸோன்'. அதன் ஒவ்வொரு சுவைக்குப் பின்னாலும் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது!

குளிரில் காய்ச்சி, கோடையில் குடித்தார்கள்

பெல்ஜியத்தின் தென்பாதி, வலோனியா. பிரெஞ்சு பேசும் பகுதி. அதன் மேற்கில், பிரான்ஸ் எல்லையை ஒட்டியிருக்கும் எனோ மாகாணம்தான் சேஸோனின் தாய்வீடு. பிரெஞ்சில் 'சேஸோன்' என்றால் பருவம் என்று பொருள்.

ஃப்ரிட்ஜ் இல்லாத காலம். கோடையில் பீர் காய்ச்சினால், வெயிலில் பெருகும் பாக்டீரியாக்கள் அதைக் கெடுத்துவிடும். எனவே, விவசாயிகள் குளிர்காலத்திலேயே காய்ச்சி வைத்தார்கள். வயலில் வேலை குறைந்த மாதங்கள் என்பதால், ஆட்களுக்கும் வேலை கிடைத்தது. பீர் காய்ச்சியபின் மிஞ்சும் பார்லிச் சக்கை, புல் கிடைக்காத குளிர்காலத்தில் மாடுகளுக்குத் தீவனமானது.

அந்த பீர் கோடை அறுவடை வரை மாதக்கணக்கில் கெடாமல் நிற்க வேண்டும். அதனால், கசப்பு தருவதோடு கிருமிகளையும் கட்டுப்படுத்தும் ஹாப்ஸ் பூக்களைத் தாராளமாகச் சேர்த்தார்கள். வெயிலில் உழைப்பவர் பலமுறை குடிக்க வேண்டும், ஆனால் போதை ஏறி அரிவாளைக் கீழே போட்டுவிடக் கூடாது. அதனால் அன்றைய சேஸோனில் ஆல்கஹால் குறைவு. தாகத்துக்குக் குடிப்பது திகட்டக் கூடாது என்பதால் இனிப்பும் கிடையாது.

கசப்பு, இனிப்பின்மை, லேசான உடல்... ரசிகர்கள் இன்று வரிசையாகப் பட்டியலிடும் இந்தக் குணங்கள் யாரும் ரசனைக்காக வடிவமைத்தவை அல்ல. வயல் வேலை கேட்டு வாங்கியவை.

கனடா போக நினைத்த மகன்

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் 3,000-க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. முதல் உலகப்போரில் ஆக்கிரமித்த ஜெர்மன் படை, ஆலைகளின் செம்புக் கொப்பரைகளைப் பறித்துச்சென்றது. பல சிறு ஆலைகள் அதன்பின் எழவே இல்லை. பிறகு டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தன. கூலியாட்கள் குறைந்தார்கள். அவர்களுக்காகக் காய்ச்சிய பீருக்கும் வேலை இல்லாமல் போனது. பளிச்சென்ற, குளிரக் குளிரக் குடிக்கும் லாகர் பீர்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டன.

தப்பிப் பிழைத்தவற்றில் முக்கியமானது, எனோவின் தூர்ப் கிராமத்தில் இருக்கும் டுப்போன் ஆலை. 1844 முதல் பீர் காய்ச்சும் பண்ணை அது. விவசாயம் செய்யக் கனடாவுக்குப் போகத் துடித்த மகன் லூயியை ஊரிலேயே நிறுத்திவைக்க, அவரின் தந்தை ஆல்ஃபிரட் டுப்போன் 1920-ல் இந்தப் பண்ணையை வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தின் வசம்தான் ஆலை இருக்கிறது.

ஆனால், டுப்போனிலேயே சேஸோனின் நிலைமை பரிதாபமாக இருந்தது. அதே ஆலையின் 'முவானெத்' என்ற, ஆல்கஹால் அதிகமுள்ள பீருக்குத்தான் உள்ளூரில் மவுசு. சேஸோன் மொத்த உற்பத்தியில் சிறு பங்காகச் சுருங்கியது. அந்த நேரத்தில்தான் வெளியூர்க்காரர்களின் கண் அதன்மீது பட்டது. பெல்ஜியம் பீர்களை உலகுக்கு அறிமுகப்படுத்திய பிரிட்டிஷ் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் சேஸோனைப் பற்றி எழுதினார் (பாடகர் அல்ல, இவர் வேறு!). 1980-களில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி தொடங்கியது. 2005-ல் அமெரிக்காவின் 'மென்ஸ் ஜர்னல்' இதழ், 'சேஸோன் டுப்போன்' பீரை உலகிலேயே சிறந்தது என்று தேர்ந்தெடுத்தது.

சூடு கேட்கும் ஈஸ்ட்

சேஸோனை முகர்ந்தால் மிளகு, கிராம்பு, எலுமிச்சைத் தோல் வாசம் வரும். ஆனால், டுப்போனின் சேஸோனில் இவை எதையும் சேர்ப்பதில்லை. எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை!

லாகர் பீர்கள் 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் நொதிக்கின்றன. டுப்போன் ஈஸ்ட்டோ 30 டிகிரியைத் தாண்டிய சூட்டில்தான் உற்சாகமாக வேலை செய்கிறது. அந்தச் சூட்டில் ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள் பழ வாசத்தையும், ஃபீனால்கள் மிளகு, கிராம்பு வாசத்தையும் தருகின்றன. பல சேஸோன் ஈஸ்ட்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. மற்ற ஈஸ்ட்கள் தொடாமல் விட்டுவிடும் மாவுச்சத்துத் துணுக்குகளையும் உடைத்துத் தின்றுவிடும். அதனால்தான் பீரில் இனிப்பு மிஞ்சுவதில்லை.

இந்த ஈஸ்ட்டை வாங்கி வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பாதி வழியில் ஈஸ்ட் திடீரென வேலைநிறுத்தம் செய்யும். சூடு காட்டிப் பொறுமையாகக் காத்திருந்தால்தான் மீண்டும் தொடங்கும்.

கிளாஸில் எதைக் கவனிக்கிறார்கள்?

சேஸோனைச் சுவைப்பவர்கள் பாட்டிலோடு வாய் வைப்பதில்லை. அடி அகன்று, வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். வாசம் உள்ளேயே தங்க அதுதான் வசதி. 'ஜில்'லென்றும் இருக்கக் கூடாது. அதிகக் குளிர் வாசத்தை அமுக்கிவிடும் என்பதால் 7 முதல் 12 டிகிரி வரைதான் சரி.

முதலில் கண். மெல்ல ஊற்றினாலும் வெண்ணுரை கெட்டியாக எழும். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க விடுவதால் உருவாகும் வாயு அது. டுப்போனில் இதற்காகப் பாட்டில்களைப் படுக்கவைத்து வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பீர் லேசாகக் கலங்கியிருக்கலாம். அது குறையல்ல, ஈஸ்ட்தான்.

அடுத்து மூக்கு. முதல் முகர்வில் எலுமிச்சை, அடுத்ததில் மிளகு, அதன்பின் காய்ந்த வைக்கோல் போன்ற ஹாப்ஸ் வாசம் எனத் தனித்தனியாகத் தேடுகிறார்கள்.

கடைசியாக நாக்கு. சிறு மிடறுதான். குமிழிகள் நாக்கைக் குத்தும், கசப்பு மெதுவாகப் பரவும், விழுங்கியபின் வாய் சுத்தமாகிவிடும். அந்த 'சுத்தம்'தான் சேஸோனின் அடையாளம். கோழி வறுவல், ஆட்டுப்பால் சீஸ் போன்ற கொழுப்பான உணவோடு அது பொருந்துவதற்கும் இதுவே காரணம்.

ஒன்றைக் கவனத்தில் வைப்பது நல்லது. இன்றைய சேஸோன் டுப்போனில் ஆல்கஹால் 6.5 சதவிகிதம். வயற்காட்டில் குடித்ததைவிட இது கடுமையானது. பாதுகாப்பான மது அளவு என்று எதுவுமே இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

எது அசல்?

இங்கேதான் ஒரு சிக்கல். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு கைப்பக்குவம் இருந்தது. விளைந்த தானியம், கைவசம் இருந்த ஈஸ்ட், வீட்டுக்காரரின் ருசி எல்லாம் சேர்ந்ததுதான் சேஸோன். பழைய சேஸோன்களில் பல, நாள்பட நாள்படப் புளித்தும் இருந்தன என்கிறார், அதன் வரலாற்றை ஆராய்ந்த ப்ரஸ்ஸல்ஸ் பீர் தயாரிப்பாளர் இவான் டி பேட்ஸ். இன்று உலகமெங்கும் சேஸோன் காய்ச்சுபவர்களில் பெரும்பாலானோர் முன்மாதிரியாக வைத்திருப்பதோ டுப்போனின் ருசியை. பிழைத்துக்கொண்ட ஒரு பண்ணையின் ருசி, அழிந்துபோன நூற்றுக்கணக்கான பண்ணைகளின் பெயரில் வாழ்கிறது.

அந்தப் பன்மையைக் காப்பாற்ற முயல்பவர்களும் அதே மாகாணத்தில் இருக்கிறார்கள். 1988-ல் தொடங்கிய ப்ளோஜி ஆலை, 'ஸ்பெல்ட்' என்ற பழைமையான கோதுமையைச் சேர்த்து சேஸோன் காய்ச்சுகிறது. தூர்ப்புக்குப் பக்கத்து ஊரான பிப்பேயில், 1785-ல் தொடங்கிய ஆலை இன்றும் நீராவி இயந்திரத்தால் இயங்குகிறது. அதன் சேஸோனில் நிஜமாகவே மிளகும் இஞ்சியும் ஆரஞ்சுத் தோலும் சேர்க்கிறார்கள்.

பெல்ஜியத்தின் பீர் கலாசாரத்தை 2016-ல் மனிதகுலத்தின் பாரம்பர்யச் செல்வங்களில் ஒன்றாக யுனெஸ்கோ அங்கீகரித்தது. பட்டியலில் பெயர் இருப்பது பெருமைதான். ஆனால், சேஸோனைக் காப்பாற்றி வைத்திருப்பவை எனோவின் சில கிராமங்களும், அங்கே தலைமுறை தாண்டி உயிரோடு இருக்கும் ஈஸ்ட்டும்தான்!