தாராப்பூர் கழிவுநீர் நிலைய விரிவாக்கம்: மீனவர்கள் எதிர்த்தது ஏன்? – ஒரு விளக்கம்

நவி மும்பை: கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் விரிவாக்கப்பட்டால் கடல் தூய்மையடைய வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால், மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் உள்ள தாராப்பூர் தொழிற்பேட்டையில் அத்தகைய திட்டத்துக்குக் கடலோர மீனவர்களே எதிர்ப்புத் தெரிவித்தனர்.

அங்குள்ள மருந்து, ரசாயன, ஜவுளி ஆலைகளின் கழிவுநீர், நாளொன்றுக்கு 2.5 கோடி லிட்டர் கொள்ளளவு கொண்ட பொது நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, நவாப்பூர் கரையருகே கடலில் விடப்பட்டு வந்தது. கொள்ளளவை மீறிய கழிவுநீர் வந்ததால் 5 கோடி லிட்டர் கொள்ளளவில் புதிய நிலையம் திட்டமிடப்பட்டது. அந்த நீரைக் கடலுக்குள் சுமார் 7 கி.மீ. தொலைவுக்குக் கொண்டு செல்லக் குழாய்த் திட்டமும் வகுக்கப்பட்டது.

நவாப்பூர், தாண்டி உள்ளிட்ட கிராமங்களின் மீனவர்கள் எதிர்த்தது இந்தக் குழாயைத்தான். கரையோரத்தில் தேங்கும் நஞ்சு இனி மீன்பிடி பரப்புக்கே நகர்த்தப்படும் என்பது அவர்களின் வாதம். சிறு படகுகளில் செல்வோருக்கு 7 கி.மீ. என்பது தொலைதூரக் கடல் அல்ல. அன்றாடம் வலை விரிக்கும் இடம்.

இந்த அச்சத்துக்கு அறிவியல் அடிப்படை உண்டு. இத்தகைய நிலையங்களில் கழிவைச் சிதைப்பவை நுண்ணுயிரிகளே. ஓர் ஆலை தன் வளாகத்தில் முதற்கட்டச் சுத்திகரிப்பைச் செய்யாமல் கடும் ரசாயனக் கழிவைத் திறந்துவிட்டால் அந்த நுண்ணுயிரிகள் மடிகின்றன. அவை மீண்டும் பெருகும் வரை, மற்ற ஆலைகளின் கழிவும் அரைகுறையாகவே வெளியேறும். தொட்டியைப் பெரிதாக்குவதால் மட்டும் இது மாறாது.

சட்டமும் கடலிடம் சற்றுத் தாராளமாகவே நடந்துகொள்கிறது. பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்காக மத்திய அரசு 2016 ஜனவரியில் வெளியிட்ட விதிகளின்படி, ஆறு, ஏரிகளில் விடப்படும் நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலில் விடுவதாக இருந்தால் 100 மில்லிகிராம் வரை அனுமதி.

அகில பாரதிய மாங்கேலா சமாஜ் பரிஷத் என்ற மீனவ அமைப்பு 2016-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தை நாடியது. 2022 ஜனவரியில் தீர்ப்பளித்த தீர்ப்பாயம், விதிமீறிய ஆலைகளும் பொது நிலையமும் சுற்றுச்சூழல் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது.

நீண்ட குழாய் எல்லா இடங்களிலும் தவறு என்று கூறிவிட முடியாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சுமார் 15 கி.மீ. நீளக் கடலடிச் சுரங்கம் 2000 செப்டம்பரில் திறக்கப்பட்டபோதும் கேப் காட் பகுதியினர் எதிர்த்தனர். எனினும், அங்கு இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பும் தொடர் கண்காணிப்பும் உரிம நிபந்தனைகளாக இருந்தன. தாராப்பூரிலோ, இருந்த நிலையமே வரம்பை மீறிக்கொண்டிருந்தபோது குழாய் முன்வைக்கப்பட்டது.

நெருள் வாசிகளுக்கும் இது தொலைவான செய்தி அல்ல. தானே-பேலாப்பூர் தொழிற்பேட்டையின் பொது நிலையம், நாளொன்றுக்கு 2.7 கோடி லிட்டர் கொள்ளளவு கொண்டது. அதன் நீர் சேர்வது தானே கடற்கழியில். 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இக்கழி, பூநாரைகளின் இரைக்களம். சார்சோளே, திவாளே கோலி மீனவர்கள் இன்றும் படகை இறக்குவது இந்த நீரில்தான்.