முடுக்கை அடைத்த சுவர்

 

உங்கள் வீட்டின் வலப்புறத்தில் வாழ்பவர் யார்? இடப்புறத்தில் வாழ்பவர் யார்? நேற்றிரவு அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததா? இவற்றுக்கெல்லாம் உங்களால் உடனே விடை சொல்ல முடியுமானால் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துங்கள். இவ்வினாக்களை எழுப்புவதற்கு எனக்குத் தனித் தகுதி எதுவும் கிடையாது. இவற்றுக்கு விடை தெரியாமல் ஒரு காலைப் பொழுதில் தலைகுனிந்து நின்றவன் நான் என்பதே இக்கட்டுரையை எழுதக் காரணம்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்கு வடக்கே, கடலையொட்டி அமைந்த ஊர். கடலை அடுத்துத் தேங்கி நிற்கும் நீர்ப்பரப்புக்குத்தான் காயல் என்று பெயர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் காயல் துறைமுகத்தை நாடியதைக் குறித்து வைத்தார். 17ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களும், 19ஆம் நூற்றாண்டில் அரபுத் தமிழ் நூல்கள் பல படைத்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களும் இவ்வூரில் பிறந்தவர்களே. இத்தகைய பெருமைகளைப் பேசுவதில் எங்கள் ஊரார் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். நானும் மேடைகளில் பேசியிருக்கிறேன். இன்று பேசப்போவது பெருமையைப் பற்றியதன்று.

முடுக்கும் கொல்லைக் கதவும்

எங்கள் ஊரின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்வாசல் தெருவை நோக்கியிருக்கும். அடுப்படியையும் முற்றத்தையும் கடந்து சென்றால் கொல்லைப்புறத்தில் ஒரு சிறு கதவு இருக்கும். அது திறப்பது முடுக்கில். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய அளவுக்குக் குறுகலான சந்து அது. பெண்கள் தெருவுக்கு வராமலே ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கும், பெண்கள் தைக்காவுக்கும், மரண வீட்டுக்கும், மகப்பேற்று வீட்டுக்கும் சென்றுவர அம்முடுக்குகள் பயன்பட்டன.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் பெண் மக்களுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மணமகன்தான் மனைவியின் வீட்டுக்கு வருவார். எனவே தாயும் மகளும், அக்காளும் தங்கையும் அருகருகே வாழ்ந்தார்கள். ஆண்களோ முன்பு கொழும்புக்கும், பிறகு ஹாங்காங்குக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றார்கள். ஆண் துணை இல்லாத மாதங்களில் ஒரு வீட்டுக்கு மற்றொரு வீடே துணை. நான் சிறுவனாக இருந்தபோது என் உம்மா ஆணம் காய்ச்சினால், ஒரு கிண்ணம் அடுத்த வீட்டுக்குச் சென்ற பிறகுதான் எங்களுக்குப் பரிமாறுவார்கள். கிண்ணம் ஒருபோதும் வெறுமையாகத் திரும்பியதில்லை.

அந்த முடுக்கில் திறந்த எங்கள் வீட்டுக் கதவை அடைத்தவன் நான்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் வீட்டைப் பழுதுபார்த்துப் புதுப்பித்தேன். தரையை உயர்த்திப் பளிங்குக் கல் பதித்தேன். முற்றத்தின் மணலை அகற்றிச் சிமென்ட் பூசினேன். கொல்லைக் கதவு இருந்த இடத்தில் தண்ணீர் மோட்டாருக்கு ஓர் அறை கட்டி, வீட்டின் பின்புறம் முழுவதும் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினேன். முடுக்கிலும் ஒரு சாணைக் கூட்டிக்கொண்டதை இங்கே மறைக்கப்போவதில்லை. “பின்பக்கம் யார் வரப்போகிறார்கள்?” என்றார் கொத்தனார். “யாரும் இல்லை” என்றேன் நான்.

அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டி தனியாக வாழ்ந்தார். மக்கள் இருவர் வெளிநாட்டில்; மகள் சென்னையில். நான் அவரை மாமி என்றே அழைப்பேன். என் உம்மா உயிரோடு இருந்த நாளில் தினமும் அக்கதவு வழியாக வந்து பேசிக்கொண்டிருந்தவர். சுவர் எழுந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வரவேண்டுமானால் அவர் தெருவைச் சுற்றி வரவேண்டும். முழங்கால் வலியுள்ள அவர் எப்படி வருவார்? வருவது நின்றது. அது நின்றதை நான் கவனிக்கவும் இல்லை.

வெள்ளம் வந்த இரவு

கடலோர ஊராருக்குக் கடலைப் பற்றிய அச்சம் எப்போதும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கிய பிறகு அவ்வச்சம் மேலும் வளர்ந்தது. ஆனால் 2023 டிசம்பர் 17 அன்று எங்களைச் சூழ்ந்த நீர் கடலிலிருந்து வந்ததன்று, வானிலிருந்து வந்தது. குமரிக்கடல் பகுதியில் நிலவிய மேலடுக்குச் சுழற்சியால் தென் மாவட்டங்களில் மழை கொட்டியது. மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 செ.மீ. திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. எங்கள் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட மிகுதியான நீர் ஒரே நாளில் எங்கள் ஊரில் இறங்கியது.

தாமிரபரணியில் வெள்ளம் பெருக்கெடுத்தது. குளங்கள் உடைந்தன. சாலைகள் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. அருகிலிருந்த சிற்றூர் மக்கள் அவர்களுக்கு உணவு சமைத்துக் கொடுத்ததை நீங்களும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மின்சாரம் போயிற்று. தொலைபேசியும் இயங்கவில்லை. நள்ளிரவுக்குச் சற்று முன் வாசற்படியைத் தாண்டி நீர் உள்ளே வந்தது. மனைவி மக்களை மாடிக்கு அனுப்பினேன். பிறகு கிதாபுகளைத் தூக்கினேன். அரிசி மூட்டையைத் தூக்கினேன். தையல் இயந்திரத்தைத் தூக்கினேன். குளிர்சாதனப் பெட்டியின் கீழே செங்கல் வைத்தேன். எதையெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சுவருக்கு அப்பால் தனியாக இருந்த மாமி மட்டும் என் நினைவுக்கு வரவில்லை.

விடியற்காலையில் ஒலிபெருக்கியின்றி முஅத்தினார் தம் குரலாலேயே பாங்கு சொன்னார். மழை இரைச்சலுக்கிடையே அது மிக மெலிதாகக் கேட்டது. மாடியிலேயே சுப்ஹு தொழுதோம். ஸலாம் கொடுத்து வலப்புறம் திரும்பியபோதுதான் மாமியின் வீட்டுக் கூரை கண்ணில் பட்டது. என் நெஞ்சு திடுக்கிட்டது.

இடுப்பளவு நீரில் தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். கதவு திறந்து கிடந்தது. உள்ளே கட்டிலின் மேற்பரப்பு வரை நீர். பாய் மிதந்தது. மாமியைக் காணவில்லை. அந்நேரத்தில் என் நாவில் துஆகூட வரவில்லை.

“இங்கே இருக்கிறார்கள், காக்கா!” என்று முடுக்கின் எதிர்ப்புறத்து மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

யார் கதவு திறந்திருந்தது?

எதிர்ப்புறத்தில் ஒரு பழைய வீடு. அதில் வாடகைக்குக் குடியிருந்தது வெளியூரிலிருந்து வந்த ஓர் ஏழைக் குடும்பம். கணவர் ஆட்டோ ஓட்டுபவர். அவர்கள் வந்து இரண்டாண்டு ஆகியும் நான் அவர்களோடு நான்கு வார்த்தை பேசியதில்லை. வீட்டுக்காரர் புதுப்பிக்காமல் விட்டிருந்ததால் அவ்வீட்டின் கொல்லைக் கதவு மட்டும் இன்னும் முடுக்கில் திறந்துகொண்டிருந்தது.

நீர் ஏறத் தொடங்கியதும் அச்சகோதரி செய்த முதல் வேலை, மாமியின் வீட்டுப் பின்கதவைத் தட்டியதுதான். கணவரும் மனைவியுமாக மாமியைத் தாங்கிப் பிடித்து, முடுக்கைக் கடந்து, தங்கள் மாடி அறையில் உட்கார வைத்திருந்தார்கள். காய்ந்த துணி கொடுத்திருந்தார்கள். இருந்த கொஞ்சம் பாலையும் தங்கள் குழந்தைக்குப் பாதி, மாமிக்குப் பாதியாகக் காய்ச்சிக் கொடுத்திருந்தார்கள்.

மாமி என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார். “பிள்ளைகள் எல்லாம் சுகமா, ஆலிம்சா?” என்று முதலில் கேட்டார். பிறகு, எந்தக் குறையும் இல்லாத குரலில் சொன்னார்: “உங்கள் சுவரைத் தட்டினேன். மழைச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது.”

சகோதரர்களே! அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெயில் வந்த பிறகுதான் மற்றொன்றும் புரிந்தது. என் வீட்டில் நீர் ஒரு முழமே ஏறியிருந்தது. மாமியின் வீட்டில் கட்டில் மூழ்கும் அளவுக்கு நின்றது. தரையை உயர்த்தியவன் நான். முடுக்கு வழியாகக் கிழக்கே வடியவேண்டிய நீரைச் சுவர் கட்டித் தடுத்தவனும் நான். நீரின் வழியையும் மனிதரின் வழியையும் ஒரே சுவரால் அடைத்திருக்கிறேன். என் வீடு தப்பியதில் ஒரு பகுதி, மாமியின் வீடு மூழ்கியதால் கிடைத்தது.

பாடம் நடத்தியவனுக்கு ஒரு பாடம்

இருபது ஆண்டுகளாக மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு அண்டை வீட்டாரின் உரிமைகளைக் கற்பித்து வருபவன் நான். ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைப் பற்றி ஓயாது வலியுறுத்தியதால், அவரைச் சொத்துக்கு வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியதாக வரும் ஹதீஸை மனப்பாடமாகச் சொல்வேன். ஆணம் காய்ச்சும்போது தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் அறிவுறுத்தியதையும் விளக்குவேன். அண்டை வீட்டார் என்பவர் யார் என்று கேட்டால் இலக்கணமும் சொல்வேன். அவர் சுவரைத் தட்டினால் எனக்குக் கேட்குமா என்பதைத்தான் ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஊர் ஓரளவு சீரடைந்து மத்ரஸா திறந்த அன்று, நடந்ததைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன். எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன், “உஸ்தாத், சுவரை எப்போது இடிப்பீர்கள்?” என்றான். பத்து வயதுப் பிள்ளைக்குத் தோன்றிய முதல் கேள்வி, அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரமே இடித்தேன். முடுக்கில் கூட்டிக்கொண்ட ஒரு சாண் முடுக்குக்கே திரும்பியது. மோட்டார் அறை இடம் மாறியது. பழைய கதவு கிடைக்கவில்லை. புதிய கதவு ஒன்றைப் பொருத்தினேன். முற்றத்தின் சிமென்ட்டிலும் பாதியைப் பெயர்த்து, மீண்டும் மணல் கொட்டினேன்.

நாம் என்ன செய்யலாம்?

வெள்ள நாட்களில் எங்கள் ஊர்மக்கள் செய்த உதவிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எங்கள் பகுதியில் களரி விருந்துக்குரிய பெரிய பாத்திரங்கள் அடுப்பேறி, வந்தவர் எம்மதத்தவர் என்று பாராமல் சோறு பகிரப்பட்டது. கடல் கடந்து வாழும் சகோதரர்கள் வாரி வழங்கினார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக! ஆனால் அந்தச் சோறு மறுநாள் வந்தது. அந்தப் பணம் அதற்கும் பிறகு வந்தது. இரவு பதினொரு மணிக்கு வரக்கூடியவர் அடுத்த வீட்டார் ஒருவரே.

ஆகவே, சகோதர சகோதரிகளே, உங்களிடம் சில வேண்டுகோள்கள்:

ஐப்பசி பிறப்பதற்கு முன்பே, தனித்து வாழும் முதியோர், நோயாளிகள், கைக்குழந்தையுள்ள தாய்மார் உங்கள் தெருவில் யார் யார் என்று கணக்கெடுங்கள். ஒவ்வொருவருக்கும் அருகிலுள்ள ஒரு வீட்டாரைப் பொறுப்பாக்குங்கள். பெண்கள் கூடும் தைக்காக்களிலும் மத்ரஸாக்களிலும் இதைச் செய்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பதை நம் தாய்மாரைவிட நன்கறிந்தவர் யார்?

வீடு கட்டுவோர், மழைநீர் எவ்வழியாக வந்து எவ்வழியாகச் செல்லும் என்று முதியோரிடம் கேட்ட பிறகு அடித்தளம் போடுங்கள். உங்கள் தரை உயர்ந்தால் யாருடைய தரை தாழும் என்று பாருங்கள். முற்றத்தில் சிறிதளவேனும் மண்ணை மண்ணாகவே விட்டுவையுங்கள். முடுக்கும் ஓடையும் நம் சொத்தல்ல. அவற்றில் ஒரு சாணும் எடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே! உம்மாவுக்குப் பணம் அனுப்பும்போது, அடுத்த வீட்டார் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊர் வரும்போது அவர்கள் வீட்டுக்கும் சென்று ஸலாம் சொல்லுங்கள்.

2024 மார்ச்சில் ரமளான் பிறந்தது. முதல் நோன்பின் மாலையில், பாங்குக்குச் சற்று முன், கொல்லைக் கதவு மெல்லத் தட்டப்பட்டது. என் இளைய மகள் ஓடிப்போய்த் திறந்தாள். மாமி நின்றிருந்தார். கையில் ஒரு தட்டு. அதில் சூடான வாடா. “இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று” என்று சொல்லி, முடுக்கின் எதிர்வீட்டுக்கான தட்டைக் காட்டினார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிண்ணம் கஞ்சி அவ்விரு வீடுகளுக்கும் சென்றது.

நம் வீடுகளின் கதவுகள் அண்டை வீட்டார் தட்டும் தூரத்தில் இருக்கவும், தட்டும் ஓசை நம் செவிகளுக்குக் கேட்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.