பட்டனின் ஞாபகம்

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பொறியியல் மாணவர்களுக்குப் பைத்தான் நிரல்மொழியும் உண்டு. மொழி கொஞ்சம் பிடிபட்டதும் பிள்ளைகளுக்குத் திரையில் ஒரு ஜன்னல் திறந்து பார்க்க ஆசை வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்கு ஒரு பில் ஜன்னல் என்று வைத்துக்கொள்வோம்: எடை எழுத ஒரு கட்டம், கீழே ‘பில் போடு’ என்றொரு பட்டன். பைத்தானில் ஜன்னல் அமைக்க உதவும் டிகின்டர் தொகுதி இருந்தால் பத்துப் பதினைந்து வரிகள் போதும்.

அந்த ஜன்னலை உண்மையில் வரைவது பைத்தான் அல்ல. உள்ளே டிக்கிள் என்ற மொழியும், டிகே என்ற கருவித்தொகுப்பும் ஓடுகின்றன. 1980களின் இறுதியில் பெர்க்லியில் ஜான் அவுஸ்டர்ஹௌட் தொடங்கியவை இவை.

டிகே எழுந்ததுமே சில மாறிகளைத் தானாக நிரப்பிவைக்கிறது. ‘டிகே_வெர்ஷன்’ 8.6 என்பதுபோலப் பதிப்பைச் சொல்லும். ‘டிகே_பேட்ச்லெவல்’ அதையே 8.6.13 என்று கடைசி எண் வரை சொல்லும். ‘டிகே_லைப்ரரி’ துணை நிரல்கள் இருக்கும் ஃபோல்டரின் முகவரி. நண்பரின் கணினிக்குக் கொண்டுபோன நிரல் ஜன்னலே திறக்காமல் நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றுள் இந்த முகவரியும் ஒன்று.

எனக்கு மிகவும் பிடித்தது ‘டிகே::ப்ரிவ்’. இது ஒற்றை மதிப்பு அல்ல, பல அறைகள் கொண்ட தொகுப்பு. பட்டனை அழுத்தியதும் அதன் பெயரை டிகே ஓர் அறையில் எழுதும். மவுஸ் இப்போது எந்தப் பட்டன்மேல் நிற்கிறது என்பது இன்னோர் அறையில். மவுஸ் நகர்ந்து வெளியே போனால் இரண்டாவது அறை காலி. விரலை எடுக்கும்போது இரண்டிலும் அதே பட்டனின் பெயர் இருந்தால்தான் பில் விழும். தவறி அழுத்தியவர், விரலை எடுக்காமல் மவுஸை வெளியே இழுத்துத் தப்பித்துக்கொள்ள முடிவது இதனால்தான். எவ்வளவு கரிசனமான ஏற்பாடு! இந்த அறைகளில் நம் நிரல் கைவைக்கக் கூடாது என்கிறது டிகேயின் கையேடு. வைத்தால் பட்டன்களின் கணக்கு குழம்பும்.

‘டிகே_ஸ்ட்ரிக்ட்மோடிஃப்’ என்ற மாறி, மோடிஃப் எனப்படும் பழைய ஜன்னல் தோற்றத்துக்கானது. இன்று அதைத் தொடத் தேவையில்லை.

பைத்தானும் டிகின்டரும் உள்ள கணினியில் ‘பைத்தான் -எம் டிகின்டர்’ கட்டளையைக் கொடுத்தால், பதிப்பு எண்ணோடு ஒரு சிறு ஜன்னல் வரும். அதில் ‘கிளிக் மீ’ பட்டனை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் எழுத்தைச் சுற்றி ஓர் அடைப்புக்குறி கூடும். அழுத்திப் பிடித்தபடி மவுஸை வெளியே இழுத்து விட்டுப் பாருங்கள், அடைப்புக்குறி கூடியிருக்காது.