லார்ட்ஸில் இரண்டு ஜூன் 25

1983 ஜூன் 25, சனிக்கிழமை. லார்ட்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியாட்டம். இந்தியாவின் 183 ரன்னை விரட்ட இறங்கிய வெஸ்ட் இண்டீஸின் கார்டன் கிரீனிட்ஜ், பல்விந்தர் சாந்துவின் பந்து வெளியே போய்விடும் என்று நம்பி மட்டையை உயர்த்தி வழிவிட்டார். பந்து உள்ளே வளைந்து வந்து ஸ்டம்பைத் தட்டியது. கிரீனிட்ஜ் ஒரே ரன்.

சாந்து வெறும் மிதவேகக்காரர். வளைவைத் தந்தது வேகமல்ல, தையல்.

கிரிக்கெட் பந்தின் நடுவில் தக்கை, அதன்மேல் இறுகச் சுற்றிய நூல், அதற்கும் மேலே தோல். எடை 156 முதல் 163 கிராம். தோலின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் ஆறு வரிசைத் தையல் வரம்புபோல் மேலெழுந்து நிற்கும். இந்த வரம்பைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து வீசினால், பந்தை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம் ஒரு பக்கம் தையலில் இடறிக் கலங்கும். கலங்கிய காற்று பந்தை எளிதில் விடாது. பின்பக்கம்வரை ஒட்டிக்கொண்டு போகும். மறுபக்கத்தில் வழவழவென்று ஓடும் காற்றோ சீக்கிரமே பிரிந்துவிடும். பந்துக்குப் பின்னால் காற்று ஒருபுறமாக ஒதுங்க, பந்து எதிர்ப்புறம், அதாவது தையல் காட்டும் திசையில் நகரும். ஒரு பாதியை மட்டும் விடாமல் காற்சட்டையில் தேய்த்துப் பளபளப்பாக்குவது இதற்காகத்தான். அழுக்குத் துடைக்கிறார்கள் என்றுதான் சிறுவயதில் நான் நினைத்திருந்தேன்!

பந்தின் போக்கை மாற்ற லார்ட்ஸில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. மைதானமே சரிவு, ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் சுமார் இரண்டரை மீட்டர் உயர வேறுபாடு.

அதே மைதானத்தில், அதற்கு 51 ஆண்டுகளுக்கு முன் இதே ஜூன் 25, அதுவும் சனிக்கிழமைதான். 1932. சி. கே. நாயுடு தலைமையில் இந்தியா தன் முதல் டெஸ்டை ஆட இறங்கியது. இங்கிலாந்தின் தொடக்க ஜோடி ஹோம்ஸும் சட்கிளிஃபும் அதற்கு முந்தைய பத்து நாளுக்குள்தான் யார்க்‌ஷயருக்காக 555 ரன் சேர்த்து உலக சாதனை படைத்திருந்தார்கள். முகமது நிசார் இருவரையும் போல்டாக்கினார்: சட்கிளிஃப் 3, ஹோம்ஸ் 6. நிசார் அசல் வேகக்காரர். சாந்துவோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் இருவர் கையிலும் இருந்தது அதே தக்கை, நூல், தோல்தான்.

1932இல் இந்தியா 158 ரன் வித்தியாசத்தில் தோற்றது. 1983இல் 43 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்த இறுதியாட்டத்தில் இரு அணியிலும் அதிக ரன் எடுத்தவர் நம் சென்னை ஸ்ரீகாந்த்: 38.